விர்ச்சுவல் மெஷினில் 3டி கிராபிக்ஸை இயக்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

"3டி ஆக்சிலரேஷன்" பெட்டியில் டிக் வைத்து மெஷினைத் தொடங்கினால் திரை கறுப்பாக நின்றுவிடுகிறது. அல்லது எதுவுமே மாறாமல், ஜன்னலை நகர்த்தினாலே இழுத்து இழுத்து ஓடுகிறது. புதிதாக முயல்கிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களில் ஒன்றில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பிறகு கிராபிக்ஸ் கார்டைக் குறை சொல்கிறார்கள், மென்பொருளை மாற்றிப் பார்க்கிறார்கள். விசாரித்துப் பார்த்தால் பெரும்பாலும் வேலையைச் செய்த வரிசைதான் பிசகியிருக்கும்.

அதனால் இந்த வழிகாட்டியில் வரிசைக்குத்தான் முக்கியத்துவம். விர்ச்சுவல்பாக்ஸ், விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன், லினக்ஸில் க்யூஇஎம்யூ ஆகிய மூன்று விர்ச்சுவல் மெஷின் மென்பொருள்களுக்கும் படிகளைச் சொல்கிறேன். 1 முதல் 5 வரை எல்லோருக்கும் பொது. அதன்பின் 6, 7, 8 ஆகியவற்றில் உங்களுக்கானதை மட்டும் படித்துவிட்டு நேராக 9-க்குப் போங்கள். உண்மையான கணினியை ஹோஸ்ட் என்றும், அதற்குள் ஓடும் மெஷினைக் கெஸ்ட் என்றும் குறிப்பிடுகிறேன்.

1. உள்ளே என்ன நடக்கிறது

கெஸ்டுக்குள் இருக்கும் ஒரு நிரல் "இந்த முக்கோணத்தை வரை" என்று ஓபன்ஜிஎல் வழியாகவோ டைரக்ட்3டி வழியாகவோ (இரண்டும் 3டி படம் வரையக் கட்டளையிடும் முறைகள்) கேட்கிறது. கெஸ்டில் உள்ள டிரைவர் அதை ஒரு மெய்நிகர் கார்டுக்கான கட்டளைகளாக மாற்றி வெளியே அனுப்புகிறது. விர்ச்சுவல்பாக்ஸோ விஎம்வேரோ அந்தக் கட்டளைகளை வாங்கி, ஹோஸ்டின் டிரைவருக்குப் புரியும்படி திரும்ப மொழிபெயர்க்கிறது. கடைசியில் ஹோஸ்டின் உண்மையான கார்டு வரைகிறது.

ஆக இதில் மூன்று கண்ணிகள் இருக்கின்றன: ஹோஸ்டின் டிரைவர், நடுவில் உள்ள மெய்நிகர் கார்டு, கெஸ்டின் டிரைவர். செட்டிங்ஸில் நீங்கள் வைக்கும் டிக் நடுக்கண்ணியை மட்டுமே தொடும். மற்ற இரண்டில் எது இல்லாவிட்டாலும் கெஸ்ட் சத்தமில்லாமல் பிராசசரை வைத்தே படம் வரைய ஆரம்பித்துவிடும். பெரும்பாலும் பிழைச் செய்தி எதுவும் வராது. 9-ஆம் படியில் உள்ள சோதனையைக் கட்டாயம் செய்யச் சொல்வது இதனால்தான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கெஸ்டுக்கு உங்கள் உண்மையான கார்டு கண்ணில் படாது. உங்களிடம் என்விடியா கார்டு இருந்தாலும், கெஸ்டுக்குத் தெரிவது விஎம்வேர் எஸ்விஜிஏ, வெர்ட்டியோ போன்ற ஒரு மெய்நிகர் கார்டு மட்டும்தான். ஆகவே என்விடியா டிரைவரையோ ஏஎம்டி டிரைவரையோ கெஸ்டுக்குள் நிறுவ முயலாதீர்கள். விண்டோஸ் கெஸ்டில் "பொருத்தமான வன்பொருள் இல்லை" என்று நிறுவி நின்றுவிடும். லினக்ஸ் கெஸ்டில் ஏற்கெனவே சரியாக இருந்த ஓபன்ஜிஎல் அமைப்பையே அது கெடுத்துவிடலாம்.

2. தொடங்கும் முன் தேவையானவை

பயாஸில் (கணினி எழும்போதே திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) விர்ச்சுவலைசேஷன் வசதி இயங்க வேண்டும். இன்டெல் கணினிகளில் அது விடி-எக்ஸ் அல்லது "இன்டெல் விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி" என்ற பெயரிலும், ஏஎம்டியில் "எஸ்விஎம் மோட்" என்ற பெயரிலும் இருக்கும். இது பிராசசர் சம்பந்தப்பட்டது என்றாலும், இல்லாவிட்டால் மேற்கொண்டு எதுவும் நடக்காது.

கெஸ்டுக்கு 2 கோர், 4 ஜிபி ரேம் ஒதுக்குங்கள். அதற்கும் குறைவாகக் கொடுத்துவிட்டு மந்தமாக ஓடினால், குற்றவாளி கிராபிக்ஸா ரேமா என்று கண்டுபிடிக்க முடியாது.

மென்பொருளின் புதிய பதிப்பை வைத்துக்கொள்ளுங்கள். இந்த விஷயத்தில் பதிப்பு உண்மையிலேயே முக்கியம். விர்ச்சுவல்பாக்ஸ் 6.1-இல் பழைய விபாக்ஸ்விஜிஏ கார்டுக்கான 3டி ஆதரவு நீக்கப்பட்டது. 2022-இல் வந்த 7.0-இல் 3டி பகுதியே டைரக்ட்எக்ஸ் 11-ஐ அடிப்படையாக வைத்து மாற்றி அமைக்கப்பட்டது. அந்தப் பதிப்பில் லினக்ஸ், மேக் ஹோஸ்டுகளில், டைரக்ட்எக்ஸ் கட்டளைகளை மொழிபெயர்க்கும் டிஎக்ஸ்விகே அதற்குத் துணை நின்றது. இணையத்தில் கிடைக்கும் பழைய குறிப்புகள் பெரும்பாலும் 5-ஆம் பதிப்புக்கானவை. அவற்றைப் பின்பற்றி இல்லாத பெட்டியைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

விர்ச்சுவல்பாக்ஸின் எக்ஸ்டென்ஷன் பேக் 3டிக்குத் தேவையில்லை. அதையும் கெஸ்ட் அடிஷன்ஸையும் ஒன்றென்று நினைப்பவர்கள் நிறையப் பேர். எக்ஸ்டென்ஷன் பேக் ஹோஸ்டில் சேரும் கூடுதல் வசதி. கெஸ்ட் அடிஷன்ஸ் என்பது கெஸ்டுக்குள் நிறுவும் டிரைவர் தொகுப்பு. நமக்கு வேண்டியது இரண்டாவதுதான்.

3. முதலில் ஹோஸ்டைச் சரிபாருங்கள்

ஹோஸ்டிலேயே 3டி சரியாக ஓடாவிட்டால் கெஸ்டில் ஓட வழியே இல்லை. இரண்டு நிமிட வேலைதான், ஆனால் பலரும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

விண்டோஸ் ஹோஸ்டில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து "டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்" பகுதியைப் பாருங்கள். "மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்" என்று இருந்தால் உண்மையான டிரைவர் நிறுவப்படவில்லை என்று அர்த்தம். கார்டு தயாரிப்பாளரின் டிரைவரை நிறுவி, ரீஸ்டார்ட் செய்துவிட்டு மேலே போங்கள்.

லினக்ஸ் ஹோஸ்டில் ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ (glxinfo) கட்டளையை கேப்பிடல் பி (-B) சுவிட்சுடன் ஓட்டுங்கள். உபுண்டு, டெபியனில் இது மெசா-யூடில்ஸ் தொகுப்பில் வருகிறது. விடையில் "ஓபன்ஜிஎல் ரெண்டரர்" வரியில் உங்கள் கார்டின் பெயர் வர வேண்டும். எல்எல்விஎம்பைப் என்று வந்தால், ஹோஸ்டே பிராசசரை வைத்து வரைந்துகொண்டிருக்கிறது.

விண்டோஸ் ஹோஸ்டுக்கு இன்னொரு சோதனையும் உண்டு. விர்ச்சுவல்பாக்ஸ் கெஸ்ட் ஓடும்போது ஜன்னலின் கீழ்ப்பட்டையில் பச்சை ஆமை சின்னம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் விர்ச்சுவல்பாக்ஸ், விண்டோஸின் சொந்த விர்ச்சுவல் மெஷின் வசதியான ஹைப்பர்-வி மீது ஏறி ஓடுகிறது. அந்த நிலையில் பிராசசர் வேலையே மெதுவாகிவிடும், 3டியை இயக்கினாலும் பலன் குறைவாகத்தான் தெரியும். "விண்டோஸ் ஃபீச்சர்ஸ்" பட்டியலில் ஹைப்பர்-வி, விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம், விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்ம் ஆகியவற்றையும், விண்டோஸ் செக்யூரிட்டியில் கோர் ஐசொலேஷனின் கீழ் உள்ள மெமரி இன்டெக்ரிட்டியையும் அணைத்தால் பெரும்பாலும் ஆமை போய்விடும். ஆனால் டபிள்யூஎஸ்எல் 2 (விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் வசதி) பயன்படுத்துகிறவர்கள் யோசித்துச் செய்யுங்கள். விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்மை அணைத்தால் அதுவும் நின்றுவிடும். மெமரி இன்டெக்ரிட்டி ஒரு பாதுகாப்பு வசதி என்பதால், வேறு எதிலும் ஆமை போகாவிட்டால் மட்டும் அதில் கை வையுங்கள்.

4. 3டியை இயக்காமலேயே இயங்குதளத்தை நிறுவுங்கள்

கெஸ்டை உருவாக்கும்போதே 3டி பெட்டியில் டிக் வைப்பதுதான் மிகப் பொதுவான பிசகு. நிறுவும் திரையில் கெஸ்டின் டிரைவர் இன்னும் தயாராக இருக்காது. அப்போது 3டி இயங்கினால் திரை சிதறலாம், கறுத்துப்போகலாம், நிறுவல் பாதியில் உறையலாம். அது டிஸ்கின் கோளாறா ஐஎஸ்ஓ கோப்பின் கோளாறா என்று தேடி நேரம் வீணாகும்.

அதனால் 3டி அணைந்த நிலையில் இயங்குதளத்தை நிறுவுங்கள். நிறுவியபின் எல்லாப் புதுப்பிப்புகளையும் போடுங்கள். லினக்ஸ் கெஸ்டில் கெர்னலும் (இயங்குதளத்தின் மையப்பகுதி) மெசாவும் (லினக்ஸின் 3டி டிரைவர் தொகுப்பு) புதிதாக இருப்பது 3டிக்கு நேரடியாகவே உதவும்.

லினக்ஸ் நிறுவும்போது "சேஃப் கிராபிக்ஸ்" என்ற தேர்வு வந்தால், வேறு வழியே இல்லாவிட்டால் மட்டும் எடுங்கள். அது கெர்னலுக்கு நோமோட்செட் (nomodeset) என்ற சொல்லைக் கொடுத்து ஓடவைக்கிறது. நிறுவி முடித்தபின்னும் அந்தச் சொல், லினக்ஸைத் தொடங்கிவைக்கும் கிரப் நிரலின் அமைப்பில் தங்கிவிடலாம். தங்கிவிட்டால் கெஸ்டின் கிராபிக்ஸ் டிரைவர் எழுந்திருக்கவே எழுந்திருக்காது. பிற்பாடு நீங்கள் செட்டிங்ஸில் என்ன செய்தாலும் பிராசசர்தான் வரையும்.

எல்லாம் முடிந்ததும் கெஸ்டை முழுதாக அணைத்துவிட்டு ஒரு ஸ்னாப்ஷாட் (பின்னால் திரும்பிவர, மெஷினின் அப்போதைய நிலையின் பதிவு) எடுத்துக்கொள்ளுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது எடுக்க வேண்டாம். ஓடும் மெஷினின் ஸ்னாப்ஷாட்டில் அப்போதைய கார்டின் நிலையும் சேர்ந்தே பதிவாகிறது. அணைத்த மெஷினில் அந்தச் சிக்கல் இல்லை. அணைத்து எடுத்தால் டிஸ்கும் செட்டிங்ஸும் சுத்தமாகத் திரும்பக் கிடைக்கும்.

5. கெஸ்டின் டிரைவர்

மூன்றாவது கண்ணி இதுதான். தோல்வியில் முடியும் முயற்சிகளில் பெரும்பாலானவை இங்கேதான் அறுகின்றன. விண்டோஸ் கெஸ்டுக்கும் லினக்ஸ் கெஸ்டுக்கும் கதை வேறு வேறு, அதனால் தனித்தனியாகப் பார்ப்போம்.

விண்டோஸ் கெஸ்டில் டிரைவரை நீங்கள்தான் நிறுவ வேண்டும். விர்ச்சுவல்பாக்ஸில் மேலே "டிவைசஸ்" மெனுவில் கெஸ்ட் அடிஷன்ஸ் சிடியைச் செருகும் தேர்வை எடுங்கள். கெஸ்டுக்குள் ஒரு சிடி டிரைவ் தோன்றும், அதிலுள்ள நிறுவியை ஓட்டுங்கள். விஎம்வேரில் "விஎம்" மெனுவில் "இன்ஸ்டால் விஎம்வேர் டூல்ஸ்" இருக்கும். நிறுவியபின் கட்டாயம் ரீஸ்டார்ட் செய்ய வேண்டும், ஏனென்றால் ஓடிக்கொண்டிருக்கும் பழைய டிஸ்ப்ளே டிரைவரின் இடத்தைப் புதியது பிடிக்க வேண்டும். பழைய குறிப்புகளில் "சேஃப் மோடில் போய் நிறுவுங்கள்" என்று இருக்கும். விண்டோஸ் 10, 11 கெஸ்டுகளுக்கு அது தேவையில்லை.

ரீஸ்டார்ட் ஆனதும் கெஸ்டுக்குள் டிவைஸ் மேனேஜரைத் திறந்து பாருங்கள். விர்ச்சுவல்பாக்ஸ் என்றால் "விர்ச்சுவல்பாக்ஸ் கிராபிக்ஸ் அடாப்டர்", பக்கத்தில் டபிள்யூடிடிஎம் என்ற எழுத்துகளோடு இருக்க வேண்டும். விஎம்வேர் என்றால் "விஎம்வேர் எஸ்விஜிஏ 3டி". இன்னும் "மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்" என்றே இருந்தால் அடுத்த படிக்குப் போகாதீர்கள், நிறுவல் சரியாக முடியவில்லை.

லினக்ஸ் கெஸ்டில் நிலைமை எளிது. இது தெரியாமல்தான் பலர் அநாவசியமாகக் கஷ்டப்படுகிறார்கள். விர்ச்சுவல்பாக்ஸின் விஎம்எஸ்விஜிஏ கார்டும் விஎம்வேரின் கார்டும் லினக்ஸின் பார்வையில் ஒரே வகை. இரண்டுக்குமான விஎம்டபிள்யூஜிஎஃப்எக்ஸ் டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறது, அதற்கு மேலே வேலை செய்யும் எஸ்விஜிஏ டிரைவர் மெசாவில் இருக்கிறது. க்யூஇஎம்யூவின் வெர்ட்டியோ கார்டுக்கும் அப்படித்தான். ஆக இன்றைய லினக்ஸ் கெஸ்டில் 3டிக்காக மட்டும் எதையும் தனியாக நிறுவ வேண்டியதில்லை.

அப்புறம் எதற்குக் கெஸ்ட் அடிஷன்ஸ்? ஜன்னலைப் பெரிதாக்கினால் கெஸ்டின் திரை தானாக விரிவதற்கும், இரண்டு பக்கமும் காப்பி பேஸ்ட் செய்வதற்கும், பகிர்ந்த ஃபோல்டர்களுக்கும். சிடியிலிருந்து நிறுவினால் முதலில் ஜிசிசி, மேக், பெர்ல், ஓடும் கெர்னலுக்கான ஹெடர் தொகுப்பு நான்கையும் போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கெர்னலோடு சேரும் டிரைவர் துண்டான மாட்யூலைக் கட்ட முடியாது. உங்கள் டிஸ்ட்ரோவே (உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் வெளியீடு) கெஸ்ட் அடிஷன்ஸைத் தொகுப்பாகக் கொடுத்தால் அதையே எடுங்கள் என்பது என் கருத்து. கெர்னல் புதுப்பிக்கப்படும்போது அதுவும் கூடவே வரும். விஎம்வேரில் இந்த வேலைக்கு ஓபன்-விஎம்-டூல்ஸ்-டெஸ்க்டாப் தொகுப்பு போதும்.

6. விர்ச்சுவல்பாக்ஸில் 3டியை இயக்குதல்

கெஸ்டை முழுதாக ஷட் டவுன் செய்யுங்கள். மெஷின் ஜன்னலின் மூலையில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தி "சேவ் த மெஷின் ஸ்டேட்" கொடுத்தால் அது அணைந்ததாக ஆகாது. தூங்கும் மெஷினின் கார்டை மாற்ற முடியாது என்பதால் செட்டிங்ஸில் அந்தப் பெட்டிகள் மங்கலாக, தொட முடியாமல் இருக்கும். "எனக்கு மட்டும் 3டி பெட்டி மங்கலாக இருக்கிறது" என்று கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் விடை.

செட்டிங்ஸில் "டிஸ்ப்ளே" பகுதிக்குப் போங்கள். இங்கே சொல்லும் பெட்டிகளில் ஏதாவது கண்ணில் படவில்லை என்றால், செட்டிங்ஸ் ஜன்னலில் பேசிக் என்பதிலிருந்து எக்ஸ்பர்ட் பார்வைக்கு மாறுங்கள்.

முதலில் கிராபிக்ஸ் கண்ட்ரோலரைச் சரிசெய்யுங்கள். லினக்ஸ் கெஸ்டுக்கு விஎம்எஸ்விஜிஏ, விண்டோஸ் கெஸ்டுக்கு விபாக்ஸ்எஸ்விஜிஏ. கெஸ்டின் டிரைவர் தேடுவது இந்தக் கார்டைத்தான், அதனால் பெட்டிக்கு முன்னால் கண்ட்ரோலர். இயங்குதளத்தின் வகையைத் தவறாகக் கொடுத்து மெஷினை உருவாக்கியிருந்தால் இங்கே வேறு கார்டு உட்கார்ந்திருக்கும். ஜன்னலின் கீழே "இன்வாலிட் செட்டிங்ஸ்" எச்சரிக்கை தெரிந்தால், சுட்டியை அதன்மேல் வைத்து என்ன சொல்கிறது என்று படியுங்கள். பெரும்பாலும் கண்ட்ரோலர் பற்றித்தான் இருக்கும்.

அடுத்தது வீடியோ மெமரி. 128 எம்பிக்குக் குறையாமல் வையுங்கள். 16 எம்பியை அப்படியே விட்டுவிட்டு 3டியை இயக்குவது, கறுப்புத் திரைக்கு நேர்வழி. இந்த மெமரி ஹோஸ்டின் ரேமிலிருந்து எடுக்கப்படுவது, உங்கள் கிராபிக்ஸ் கார்டின் மெமரியிலிருந்து அல்ல. கார்டில் 8 ஜிபி இருக்கிறதே, இங்கே ஏன் 128 என்று யாரும் குழம்ப வேண்டாம்.

இப்போதுதான் "எனேபிள் 3டி ஆக்சிலரேஷன்" பெட்டியில் டிக் வைக்க வேண்டும். ஓகே கொடுத்து மெஷினைத் தொடங்குங்கள்.

7. விஎம்வேர் வொர்க்ஸ்டேஷனில்

இங்கே வேலை குறைவு. கெஸ்டை அணைத்துவிட்டு, செட்டிங்ஸில் "ஹார்டுவேர்" தாவலில் "டிஸ்ப்ளே"யைத் தேர்ந்தெடுத்து "ஆக்சிலரேட் 3டி கிராபிக்ஸ்" பெட்டியை டிக் செய்யுங்கள். பக்கத்திலேயே கிராபிக்ஸ் மெமரி அளவு இருக்கும். 1 அல்லது 2 ஜிபியில் தொடங்குங்கள். அதிகமாகக் கொடுத்தால் வேகம் கூடிவிடாது, ஹோஸ்டுக்கு ரேம் குறைவதுதான் நடக்கும்.

பழைய பதிப்பில் உருவாக்கிய மெஷினைப் புதிய வொர்க்ஸ்டேஷனில் திறப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மென்பொருளைப் புதுப்பித்தாலும் மெஷினின் ஹார்டுவேர் பதிப்பு பழையதாகவே இருக்கும். வொர்க்ஸ்டேஷன் 16-இல் டைரக்ட்எக்ஸ் 11, ஓபன்ஜிஎல் 4.1 ஆதரவும், 17-இல் ஓபன்ஜிஎல் 4.3 ஆதரவும் வந்தன. ஆனால் ஹார்டுவேர் பதிப்பை ஏற்றாத மெஷினுக்கு இவை கிடைக்காது. "விஎம்" மெனுவில் "மேனேஜ்", அதில் "சேஞ்ச் ஹார்டுவேர் கம்பாட்டிபிலிட்டி" வழியாக ஏற்றுங்கள். ஏற்றும் முன் ஸ்னாப்ஷாட் இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

தொடங்கும்போது "ஹோஸ்டிலிருந்து 3டி ஆதரவு கிடைக்கவில்லை" என்ற பொருளில் செய்தி வந்தால் 3-ஆம் படிக்குத் திரும்பிப் போங்கள், சிக்கல் ஹோஸ்ட் டிரைவரில் இருக்கிறது.

8. க்யூஇஎம்யூ, விர்ட்-மேனேஜரில்

விர்ட்-மேனேஜர் என்பது க்யூஇஎம்யூ மெஷின்களை ஜன்னல் வழியாக நிர்வகிக்கும் நிரல். இதில் கெஸ்ட் லினக்ஸாக இருக்க வேண்டும். வெர்ட்டியோ கார்டின் 3டி வசதி விர்ஜிஎல் என்ற பகுதியை நம்பியிருக்கிறது, வழக்கமாகக் கிடைக்கும் விண்டோஸ் வெர்ட்டியோ டிரைவர் தொகுப்பில் அதற்கான 3டி டிரைவர் இல்லை. விண்டோஸ் கெஸ்டில் 3டி வேண்டுமென்றால் மேலே சொன்ன இரண்டில் ஒன்றை எடுப்பது நல்லது.

மெஷினை அணைத்து, அதன் வன்பொருள் விவரங்களைத் திறங்கள். மாற்ற வேண்டிய இடங்கள் இரண்டு, இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

முதலில் "டிஸ்ப்ளே ஸ்பைஸ்". ஸ்பைஸ் என்பது கெஸ்டின் திரையை உங்களுக்குக் காட்டும் வழி. அதில் "லிசன் டைப்" என்பதை "நன்" என்று வைத்து, ஓபன்ஜிஎல் பெட்டியை டிக் செய்யுங்கள். ஸ்பைஸின் ஜிஎல் வழி இதே கணினிக்குள் மட்டும் செல்வது, நெட்வொர்க் போர்ட்டோடு சேர்ந்து ஓடாது. லிசன் டைப்பை மாற்றாமல் ஓபன்ஜிஎல்லை மட்டும் டிக் செய்தால், ஸ்பைஸ் ஜிஎல் உள்ளூருக்கு மட்டுமே என்று சொல்லி மெஷின் தொடங்க மறுத்துவிடும். பெட்டிக்குப் பக்கத்தில் எந்தக் கார்டு என்று கேட்டால், கணினியில் உள்ள இன்டெல் அல்லது ஏஎம்டி கார்டைத் தேர்ந்தெடுங்கள். என்விடியாவின் மூடிய டிரைவரோடு இந்த வழி அடிக்கடி முரண்டு பிடிக்கும்.

அடுத்து "வீடியோ" பகுதியில் மாடலை க்யூஎக்ஸ்எல்லிலிருந்து வெர்ட்டியோவுக்கு மாற்றி, 3டி ஆக்சிலரேஷன் பெட்டியை டிக் செய்யுங்கள். க்யூஎக்ஸ்எல்லில் 3டி கிடையாது. இதை மட்டும் செய்து ஸ்பைஸை மறந்தால் "ஓபன்ஜிஎல் இஸ் நாட் அவைலபிள்" என்ற பிழை வரும்.

கெஸ்ட் எழுந்ததும் டிமெசேஜ் (dmesg) கட்டளை காட்டும் கெர்னல் பதிவில் டிஆர்எம் (drm) வரிகளைத் தேடுங்கள். வசதிகளின் பட்டியலில் விர்ஜிஎல்லுக்கு முன்னால் கூட்டல் குறி இருந்தால் சரி. கழித்தல் குறி இருந்தால் மேலே சொன்ன இரண்டு பெட்டிகளில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது.

9. உண்மையிலேயே வேலை செய்கிறதா?

லினக்ஸ் கெஸ்டில் அதே ஜிஎல்எக்ஸ்இன்ஃபோவைக் கேப்பிடல் பி சுவிட்சுடன் ஓட்டுங்கள். பலர் முதல் வரிகளில் "டைரக்ட் ரெண்டரிங்: யெஸ்" என்பதைப் பார்த்ததும் வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள். அந்த வரி இங்கே எதையும் நிரூபிக்காது. பிராசசரை வைத்து வரையும்போதும் அது "யெஸ்" என்றுதான் சொல்லும்.

பார்க்க வேண்டிய வரிகள் இரண்டு. "ஆக்சிலரேட்டட்" என்ற வரியில் "யெஸ்" இருக்க வேண்டும். "ஓபன்ஜிஎல் ரெண்டரர்" வரியில் விர்ச்சுவல்பாக்ஸ், விஎம்வேர் என்றால் எஸ்விஜிஏ3டி என்றும், க்யூஇஎம்யூ என்றால் விர்ஜிஎல் என்றும் வர வேண்டும். எஸ்விஜிஏ3டிக்குப் பக்கத்தில் எல்எல்விஎம் என்ற எழுத்துகள் வந்தால் பயப்பட வேண்டாம், அந்த டிரைவரின் பெயரிலேயே அது ஒட்டிக்கொண்டு வரும். முழுப் பெயரும் எல்எல்விஎம்பைப் என்று ஆரம்பித்தால்தான் 3டி இயங்கவில்லை.

சுழலும் பல்சக்கரங்களை வரையும் ஜிஎல்எக்ஸ்கியர்ஸை ஓட்டி, அது காட்டும் பிரேம் எண்ணிக்கையை வைத்து வேகத்தை அளக்காதீர்கள். அது திரையின் புதுப்பிப்பு வேகத்தோடு பூட்டிக்கொண்டு 60 பிரேமில் நிற்கலாம். 3டி இல்லாதபோது 60-ஐத் தாண்டிய எண்ணையும் காட்டலாம். எளிமையான படம் என்பதால் பிராசசரே அதைச் சமாளித்துவிடும்.

விண்டோஸ் கெஸ்டில் டைரக்ட்எக்ஸ் சோதனை நிரலான டிஎக்ஸ்டயாக்கை (dxdiag) ஓட்டி, "டிஸ்ப்ளே" தாவலைப் பாருங்கள். கார்டின் பெயர் 5-ஆம் படியில் சொன்னபடி இருக்க வேண்டும், டைரக்ட்3டி ஆக்சிலரேஷன் "எனேபிள்ட்" என்று இருக்க வேண்டும். முதலில் பெயர், அப்புறம் "எனேபிள்ட்". இந்த வரிசையில் பாருங்கள்.

பிரவுசரை வைத்து முடிவு கட்ட வேண்டாம். சில மெய்நிகர் கார்டுகளின் டிரைவர்களைக் குரோம் தன் தடைப்பட்டியலில் வைத்திருக்கிறது. கெஸ்டில் 3டி சரியாக இருந்தாலும், குரோமின் ஜிபியூ பக்கத்தில் "சாஃப்ட்வேர் ஒன்லி" என்று வரலாம்.

10. லேப்டாப்பில் இரண்டு கார்டு இருந்தால்

எல்லாம் சரியாக இருந்தும் வேகம் எதிர்பார்த்தபடி இல்லை என்றால், ஹோஸ்ட் எந்தக் கார்டில் வரைகிறது என்று பாருங்கள். மின்சாரத்தை மிச்சப்படுத்த, இயங்குதளம் சிறிய கார்டையே கொடுத்துவிடும்.

விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராபிக்ஸ் என்று போய் நிரலைச் சேர்த்து "ஹை பெர்ஃபாமன்ஸ்" கொடுக்கலாம். எந்த நிரலைச் சேர்ப்பது என்பதில்தான் பிசகுகிறார்கள். விர்ச்சுவல்பாக்ஸில் நீங்கள் திறக்கும் மேலாளர் நிரல் எதையும் வரைவதில்லை. கெஸ்டை ஓட்டுவது அதே ஃபோல்டரில் உள்ள விர்ச்சுவல்பாக்ஸ்விஎம் என்ற தனி நிரல், அதைச் சேருங்கள். விஎம்வேரில் விஎம்வேர்-விஎம்எக்ஸ் நிரலையும் எம்கேஎஸ்சேண்ட்பாக்ஸ் நிரலையும் சேருங்கள்.

11. அடிக்கடி வரும் கோளாறுகள்

டிக் வைத்ததும் கறுப்புத் திரை. கெஸ்டைப் பவர் ஆஃப் செய்து, 3டி டிக்கை எடுத்துவிட்டுத் திரும்பத் தொடங்குங்கள். எழுந்தால் கெஸ்ட் நல்லபடியாகவே இருக்கிறது, இயங்குதளத்தைத் திரும்ப நிறுவ வேண்டிய அவசியம் இல்லை. வீடியோ மெமரி, கண்ட்ரோலர், கெஸ்ட் டிரைவர் என்ற வரிசையில் சரிபார்த்துவிட்டு மறுபடி டிக் வையுங்கள்.

லாகின் திரை வருகிறது, உள்ளே போனதும் கறுப்பு. லினக்ஸ் கெஸ்டில் இது வேலாண்டு (திரையைக் கையாளும் புதிய முறை) அமர்வோடு தொடர்புடையதாக இருக்கலாம். லாகின் திரையில் பல்சக்கரச் சின்னத்தை அழுத்தினால் பழைய முறையான எக்ஸ்ஓஆர்ஜி (Xorg) அமர்வு கிடைக்கிறதா என்று பாருங்கள், கிடைத்தால் அதில் நுழைந்து பாருங்கள். திரையே வராவிட்டால் விர்ச்சுவல்பாக்ஸில் ஹோஸ்ட் கீயோடு எஃப்3-ஐ அழுத்தி டெக்ஸ்ட் கன்சோலுக்குப் போய்ப் பதிவுகளைப் படிக்கலாம்.

எல்லாம் சரி, ஆனாலும் எல்எல்விஎம்பைப். கெஸ்டில் கெர்னல் எந்தச் சொற்களோடு எழுந்திருக்கிறது என்று பாருங்கள், ப்ராக் ஃபோல்டரில் உள்ள சிஎம்டிலைன் கோப்பில் (/proc/cmdline) அது இருக்கும். நோமோட்செட் தென்பட்டால் கிரப் அமைப்பிலிருந்து நீக்கி, கிரப்பைப் புதுப்பித்து, ரீஸ்டார்ட் செய்யுங்கள். அது இல்லையென்றால் மெசாவின் டிஆர்ஐ தொகுப்பு நிறுவப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். குறைந்தபட்ச நிறுவலில் அது விட்டுப்போயிருக்கலாம்.

நேற்றுவரை ஓடியது, இன்று இல்லை. ஹோஸ்டின் கிராபிக்ஸ் டிரைவர் புதுப்பிக்கப்பட்டதா, விர்ச்சுவல்பாக்ஸ் புதுப்பிக்கப்பட்டதா என்று யோசித்துப் பாருங்கள். விர்ச்சுவல்பாக்ஸை ஏற்றினால், விண்டோஸ் கெஸ்டில் கெஸ்ட் அடிஷன்ஸையும் அதே பதிப்புக்கு ஏற்றிவிடுங்கள்.

12. எங்கே 3டியை இயக்கக் கூடாது, எங்கே இது போதாது

நம்பகமில்லாத கோப்புகளைத் திறந்து பார்க்கவோ தீநிரல்களை ஆராயவோ வைத்திருக்கும் கெஸ்டில் 3டியை இயக்காதீர்கள். கெஸ்டிலிருந்து வரும் கட்டளைகள் ஹோஸ்டின் கிராபிக்ஸ் டிரைவர் வரை போகின்றன. அந்த டிரைவர்கள் மிகச் சிக்கலானவை, எல்லாப் பக்கமும் பூட்டிப் பாதுகாக்க முடியாதவை. விர்ச்சுவல்பாக்ஸின் கையேடே இதைத் தெளிவாக எச்சரிக்கிறது. திரை இல்லாமல் ஓடும் சர்வர் கெஸ்டுக்கும் இது வேண்டாம், பயனே இல்லை.

"கூடா" (CUDA) எனப்படும், என்விடியா கார்டை வைத்துச் செய்யும் கணக்கீடு, கனமான புதிய விளையாட்டுகள், பெரிய ரெண்டரிங் வேலைகளுக்கு மெய்நிகர் கார்டு போதாது. "கூடா"வுக்கு உண்மையான என்விடியா கார்டே கெஸ்டின் கண்ணில் பட வேண்டும். அதற்கு ஜிபியூ பாஸ்த்ரூ என்ற வேறு வழி இருக்கிறது. பயாஸில் விடி-டி அல்லது ஏஎம்டி-விஐ இயங்க வேண்டும், லினக்ஸ் ஹோஸ்டில் விஎஃப்ஐஓ என்ற கெர்னல் வசதி வழியாகக் கார்டை ஹோஸ்டிடமிருந்து பிரித்துக் கெஸ்டுக்குக் கொடுக்க வேண்டும். கொடுத்தபின் அந்தக் கார்டை ஹோஸ்ட் பயன்படுத்த முடியாது என்பதால், ஹோஸ்டின் திரைக்கு இரண்டாவது கார்டோ பிராசசரோடு வரும் கிராபிக்ஸோ வைத்துக்கொள்வதுதான் நடைமுறை. சாதாரண ஜிஃபோர்ஸ் கார்டுகள் கெஸ்டுக்குள் 43-ஆம் எண் பிழையைக் காட்டி அடம்பிடித்த காலம் ஒன்று இருந்தது. 2021-இல் வந்த 465 வரிசை டிரைவரிலிருந்து விண்டோஸ் கெஸ்டுக்கு என்விடியா அந்தத் தடையை எடுத்துவிட்டது.